பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் நாட்டுத் துப்பாக்கி

நாட்டுத் துப்பாக்கி என்பது குழலின் வாய் வழியாகக் கருமருந்தும் ரவையும் இட்டு, கம்பியால் திணித்து, பின்புறம் கேப்பு பொருத்திச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. அரசு ஆவணங்களில் இது எஸ்.பி.எம்.எல். என்று சுருக்கமாகக் குறிப்பிடப்படும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இதை உரிமத்துடன் வைத்திருந்தவர்களை இரு வகையாகப் பிரிக்கலாம். காட்டோரம் நிலம் வைத்திருந்த விவசாயிகள் ஒரு வகை. காடை, கௌதாரி, கொக்கு, முயல் ஆகியவற்றை வேட்டையாடிப் பிழைத்த நரிக்குறவர்கள் மற்றொரு வகை. உலகின் சில நாடுகளில் பொழுதுபோக்காகத் தகர டப்பா சுடுவதற்கென்றே சிறிய துப்பாக்கிகள் பெருகிய நூற்றாண்டில், இந்த வட்டாரத்தில் வாய்வழித் துப்பாக்கியே நிலைத்தது. அதற்குக் காரணம் வறுமை மட்டும் அல்ல, சட்டமும்தான்.

சொல்

துப்பாக்கி என்பது துருக்கிய மொழியின் துஃபெக் என்ற சொல்லிலிருந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. பீரங்கி என்ற சொல் ஐரோப்பியரைக் குறித்த ஃபிரங்கி என்பதன் திரிபு. மருந்து, குண்டு, குழல் ஆகியவை முன்பே தமிழில் இருந்த சொற்கள். கருவி வெளியிலிருந்து வந்ததால் பெயரும் வெளியிலிருந்து வந்தது. அதற்குள் இடும் பொருட்களுக்கு மட்டும் வீட்டுச் சொற்களே போதுமாக இருந்தன.

பாளையங்களின் காலம்

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதி. பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டமானது. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்பு இது பாளையக்காரர்களின் நாடு. அரியலூரில் மழவராயர்களும் உடையார்பாளையத்தில் காலாட்கள் தோழ உடையார்களும் ஆண்டனர். காலாட்படையினருக்குத் தோழர் என்பதையே ஓர் ஆட்சிமரபு தன் பட்டமாகக் கொண்டது இந்தப் பாளையங்கள் எதனால் நிலைத்தன என்பதைக் காட்டும். வேலும் வாளும் ஏந்திய அந்தக் காலாட்களிடம் பதினெட்டாம் நூற்றாண்டில் திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகளும் இருந்தன.

இந்த வட்டாரத்தில் துப்பாக்கிப் படைகள் பெரிய அளவில் மோதிய நிகழ்ச்சி 1751 ஜூலையில் நடந்த வாலிகண்டபுரம் போர். ஆங்கிலேயர் இதை வால்கொண்டா என்று எழுதினர். பெரம்பலூருக்கு வடக்கே, இன்றைய சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையே இப்போரின் மையம். ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும், மறுபக்கம் முகமது அலியும் கம்பெனிப் படையும். கோட்டைத் தலைவர் எந்தப் பக்கமும் சேராமல் இரு தரப்பிடமும் பேசிக்கொண்டே நாட்களைக் கடத்தினார். சண்டை தொடங்கியதும் கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையிலான கம்பெனிப் படை பீதியடைந்து ஓடியது. தடுத்து நிறுத்த முயன்ற அதிகாரிகளில் இராபர்ட் கிளைவும் ஒருவர். அவரது முயற்சி பலிக்கவில்லை. படை ஊட்டத்தூருக்கும் அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கோட்டையருகே பிரெஞ்சுத் தளபதி தோத்தேல் கிளைவிடம் சரணடைந்தார்.

அரியலூரும் உடையார்பாளையமும் இராணுவ வலிமையை இழந்தது கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு முன்பே. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத் உல் உமரா 1765-ல் படையுடன் வந்து இரு பாளையங்களையும் கைப்பற்றினார். தென்பாளையங்கள் முழுவதற்குமான முடிவு 1801-ல் வந்தது. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஆயுத ஒழிப்பு அறிக்கையை வெளியிட்டார். துப்பாக்கி, வேல், ஈட்டி எதையும் பாளையத்தார் வைத்திருக்கக்கூடாது என்பது அதன் சாரம். இந்த எட்வர்ட், இராபர்ட் கிளைவின் மூத்த மகன். வாலிகண்டபுரத்தில் தந்தை ஓடும் படையைத் தடுக்க முடியாமல் நின்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஆயுதச் சட்டம்

1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெறவேண்டும், ஐரோப்பியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சென்னையில் 1887-ல் கூடிய மூன்றாவது காங்கிரஸ் இந்தச் சட்டத்தின் கடுமையைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அகிம்சையை வழியாகக் கொண்ட காந்தியும் இதை ஆங்கில ஆட்சியின் மிகக் கொடிய செயல்களில் ஒன்றாகக் கருதினார். முதல் உலகப்போருக்குப் பின்னரே இனவாரி விலக்கு நீக்கப்பட்டது.

ஆனாலும் ஆட்சியாளர்களால் கிராமங்களை முழுவதுமாக நிராயுதமாக வைத்திருக்க முடியவில்லை. பச்சைமலை அடிவாரத்திலும் உடையார்பாளையம் முந்திரிக் காடுகளை ஒட்டியும் பயிர் வைப்பவருக்குக் காட்டுப்பன்றி அன்றாடப் பிரச்சினை. பயிரையும் கால்நடையையும் அழிக்கும் விலங்குகளை விரட்டுவதற்கெனத் தனி உரிமங்கள் ஆங்கிலேயர் காலத்திலேயே வழங்கப்பட்டன. சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டமும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தது.

இந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைக் கவனமாகப் படிக்கவேண்டும். உரிமம் வழங்கும் அதிகாரி யாருக்கு உரிமம் தரவேண்டும் என்று அது சொல்கிறது. இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழவழப்பான துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்குத் தரலாம். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி கேட்பவருக்குத் தரலாம். அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே விவசாயிக்கு வேறு துப்பாக்கி. அதற்கு அடுத்த வரியில் .22 ரைபிள் வருகிறது: துப்பாக்கி சுடும் சங்கத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குக் கேட்டால் தரலாம். அதாவது உழவனுக்கு ஒன்று, சங்க உறுப்பினருக்கு ஒன்று என்று துப்பாக்கிகள் சட்டத்திலேயே பிரிக்கப்பட்டுவிட்டன. பெரம்பலூர்க் கரம்பிலோ மருதையாற்று மணலிலோ வெறும் பொழுதுபோக்குக்காக டப்பா சுடுபவர் என்ற ஆளை இந்தப் பிரிவு கற்பனை செய்யவே இல்லை.

துப்பாக்கியும் அதை வைத்திருப்பவரும்

கேப்பு முறை பழையது. சக்கிமுக்கிக் கல்லின் பொறிக்குப் பதிலாக, அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு தீ மூட்டும் வழிக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807-ல் காப்புரிமை பெற்றார். செப்புக் கேப்பு அடுத்த பத்திருபது ஆண்டுகளில் பரவியது. ஐரோப்பியப் படைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைக் கைவிட்டு, பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கிகளுக்கு மாறின. நம் கிராமங்களில் அந்த மாற்றம் நிகழவில்லை. ஆகவே இங்குள்ள நாட்டுத் துப்பாக்கி ஏறத்தாழ 1840-களின் தொழில்நுட்பம்.

வைத்திருப்பவர் கண்ணில் அதன் குணங்கள் தெளிவானவை. ஒரே ஒரு வெடிதான். தவறினால், மறுபடி மருந்திட்டுத் திணித்துக் கேப்பு வைப்பதற்குள் கொக்குக் கூட்டம் அடுத்த ஏரிக்குப் போயிருக்கும். அதனால் வேட்டைக்காரர் சுடுவதில் காட்டும் திறமையைவிட நெருங்கிச் செல்வதில் காட்டும் திறமையே பெரிது. குனிந்து, தவழ்ந்து, காற்றின் திசை பார்த்து, பறவைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும் கணத்துக்குக் காத்திருக்கவேண்டும். சிதறும் ரவை ஒரே வெடியில் இரண்டு மூன்று பறவைகளை வீழ்த்தினால்தான் மருந்துச் செலவு கட்டும். ஈரம் ஏறினால் மருந்து பற்றாது. சுட்டவுடன் எழும் வெண்புகை கண்ணை மறைக்கும். கருமருந்தின் கசடு இரும்பை அரிப்பதால் அன்றன்றே வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் தடவவேண்டும். மறந்துபோய் இருமுறை மருந்து திணித்தால் குழல் வெடித்துக் கையோ கண்ணோ போகும். இத்தனை குறைகளுக்கும் ஈடாக அதற்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. தோட்டா வாங்கவேண்டியதில்லை. தொழிற்சாலையில் செய்த தோட்டா, அதற்கான கடை, அதன் விலை எதையும் நம்பாமல் இயங்கும் ஒரே துப்பாக்கி இதுதான்.

நரிக்குறவர்கள் தொடக்கத்திலேயே துப்பாக்கிக்காரர்கள் அல்லர். அவர்கள் தம்மை வாக்ரி என்று அழைத்துக்கொள்கின்றனர். வீட்டில் பேசும் வாக்ரிபோலி இந்தோ ஆரிய மொழி. குருவிக்காரர் என்ற பெயரே பறவை பிடிக்கும் தொழிலைச் சொல்லும். 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுதிகளில் இவர்கள் நரியைப்போல ஊளையிட்டு நரிகளை வரவழைத்து வலையில் பிடிப்பது பதிவாகியுள்ளது. வலை, கண்ணி, உண்டிவில் ஆகியவையே பழைய கருவிகள். துப்பாக்கி அவற்றோடு பின்னர் சேர்ந்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூரிலும் காரை அருகே மலையப்ப நகரிலும் இவர்களின் பெரிய குடியிருப்புகள் உள்ளன. வேட்டைக்காலங்களில் ஏரி ஏரியாகச் சென்று, சுட்டதைச் சந்தையிலும் சாலையோரத்திலும் விற்றனர். அறுவடைக்கு நிற்கும் வயலில் பறவைக் கூட்டத்தைக் கலைக்க இவர்களின் ஒரு வெடி உதவியதால் விவசாயிக்கும் அவர்கள் வேண்டியவர்களாகவே இருந்தனர்.

லீவர் துப்பாக்கி

இதே காலத்தில் அமெரிக்காவில் நேர்ந்ததை அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். பாரிஸைச் சேர்ந்த ஃப்ளோபேர் 1845-ல் வீட்டுக்குள்ளேயே இலக்குப் பார்த்துச் சுடுவதற்கான மிகச் சிறிய தோட்டாவை உருவாக்கினார். தோட்டாவின் அடிவிளிம்பு மடிப்புக்குள் வெடிமருந்து இருக்கும், சுத்தி அந்த விளிம்பில் அடித்தால் தீப்பற்றும். இதை விளிம்படித் தோட்டா எனலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1857-ல் .22 அளவில் இதை விற்றது. 1887-ல் வந்த .22 லாங் ரைபிள் இன்றும் உலகில் மிக அதிகமாகச் சுடப்படும் தோட்டாக்களில் ஒன்று. 1860-ன் ஹென்றி ரைபிளும் 1866-ன் வின்செஸ்டரும் விளிம்படித் தோட்டாவோடு லீவர் பொறியைச் சேர்த்தன. விசைக்குக் கீழே வளையமாக இருக்கும் லீவரைக் கீழே தள்ளினால் காலித் தோட்டா வெளியே விழும், மேலே இழுத்தால் அடுத்தது ஏறிக்கொள்ளும். 1891-ல் மார்லின் நிறுவனம் .22 அளவில் லீவர் ரைபிள் செய்தது. சர்க்கஸ் போன்ற காட்சிகளில் சுட்டுப் புகழ்பெற்ற அன்னி ஓக்லி பயன்படுத்தியவற்றுள் அதுவும் ஒன்று. 1969 முதல் ஜப்பானின் மிரோகு ஆலையில் செய்யப்பட்ட பிரவுனிங் பி.எல். 22 இந்த வகையின் கச்சிதமான வடிவம். இரண்டேகால் கிலோ எடை, குழலுக்குக் கீழே பதினைந்து தோட்டா, லீவர் அசையவேண்டியது 33 பாகை மட்டும்.

இவற்றை வைத்திருப்போர் பெரும்பாலும் சொல்லும் நிறைகள் மூன்று: தோளில் உதைப்பதில்லை, தோட்டா மலிவு, சிறுவர்களும் எளிதில் பழகலாம். குறைகளும் உண்டு. தோட்டாக் குழாயை நிரப்புவது மெதுவான வேலை. பல லீவர் துப்பாக்கிகளைப் பின்புறமிருந்து துடைக்க முடியாது, வாய் வழியாகவே கம்பியை விடவேண்டும். அந்த ஒரு வேலையில் மட்டும் அமெரிக்கக்காரரும் எறையூர்க்காரரும் ஒன்று. வேட்டையோ காவலோ இன்றி, தகர டப்பாவில் குண்டு பட்டு எழும் ஓசைக்காகவே சுடும் பழக்கம் அந்த நாட்டில் இத்துப்பாக்கிகளால் வேரூன்றியது.

தமிழ்நாட்டில் .22 அறியப்படாதது அல்ல. ஆனால் வந்தவை பெரும்பாலும் பி.எஸ்.ஏ., ப்ர்னோ போன்ற போல்ட் வகை ரைபிள்கள், பிறகு அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளின் தயாரிப்பு. அவை ஜமீன் வீடுகளிலும் தோட்ட முதலாளிகளிடமும் நகரத் துப்பாக்கிச் சங்கங்களிலும் இருந்தன. 1962 ஆயுத விதிகள் விளிம்படித் தோட்டா இடும் .22-ஐ மற்ற ரைபிள்களிலிருந்து பிரித்துக் குறைந்த கண்டிப்புள்ள வகையில் வைத்தன. இருந்தும் தனியார் இறக்குமதி 1980-களின் நடுவில் நின்றுபோனதால் லீவர் துப்பாக்கி இங்கு சினிமாவில் மட்டுமே பார்த்த பொருளாயிற்று. பெரம்பலூரிலிருந்து சாலை வழியே ஒன்றரை மணி நேரத்தில், 1966 முதல் திருச்சிராப்பள்ளியில் இராணுவத்துக்கு ரைபிள்கள் செய்யும் படைக்கலத் தொழிற்சாலை இயங்கி வருகிறது. வட்டாரத்து மக்கள் அதைத் துப்பாக்கி ஃபேக்டரி என்றே சொல்வர். அதன் வாசலைக் கடந்து பேருந்தில் செல்லும் வேட்டைக்காரரின் வீட்டில் இருந்தது 1840-களின் துப்பாக்கி.

சிறிய தோட்டா என்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ணக்கூடாது. இரண்டரை கிராம் எடையுள்ள .22 குண்டு உயர்த்திச் சுட்டால் ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிப் போகும். நாட்டுத் துப்பாக்கியின் சிறு ரவை நூறு மீட்டரிலேயே வேகம் இழந்துவிடும். ஊரும் வயலும் இடைவெளியின்றிக் கலந்துகிடக்கும் இந்தச் சமவெளியில் .22-க்குப் பொழுதுபோக்கு உரிமம் தராதது தவறு என்று சொல்ல முடியவில்லை. அந்த நன்மை சட்டம் எழுதியவர்களின் நோக்கமாக இருந்ததா என்பது வேறு கேள்வி.

வேட்டை நின்ற பின்

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முக்கியமான விலங்குகளை வேட்டையாட முழுத்தடை விதித்தது. மற்றவற்றுக்கு வேட்டை உரிமம் பெறும் வழி இருந்தது. 1991 திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. அதன்பின் காகம், எலி போன்ற சில உயிர்களே சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நின்றன. காடையும் கௌதாரியும் முயலும் கொக்கும் குற்றப்பத்திரிகைச் சொற்களாயின. துப்பாக்கி உரிமம் ஒரு சட்டத்தின்கீழ் செல்லும், அதைக்கொண்டு செய்த தொழில் மற்றொரு சட்டத்தின்கீழ் குற்றம். நரிக்குறவர் குடும்பங்கள் பல ஆண்டுகள் இந்த நிலையில் இருந்தன. ஊசி, பாசிமணி, பிளாஸ்டிக் பொருட்கள், பலூன் என்று பிழைப்பு மாறியது இந்தக் காலத்தில்தான்.

காக்கப்பட்டது என்ன என்பதையும் சொல்லவேண்டும். அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் பாசன ஏரி. ஏறத்தாழ 454 ஹெக்டேர். 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் இங்கு குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரு வெடியோசை போதும், அத்தனை வாத்துகளும் எழுந்துவிடும். நரிக்குறவரின் வேட்டை மட்டுமே பறவைகளைக் குறைத்தது என்பது நியாயமான கூற்று அல்ல. ஏரிகள் தூர்ந்ததும், பூச்சிமருந்தும், உடையார்பாளையம் பக்கத்துக் கரம்புகள் சுண்ணாம்புச் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் ஆனதும் எந்தத் துப்பாக்கியைவிடவும் பெரிய சேதம். ஆனால் கைது செய்ய எளிதானவர் துப்பாக்கியுடன் நடந்து போகிறவர்தான்.

இதற்கிடையில் உரிமத்தைக் காப்பதே ஒரு தொழில் அளவுக்குக் கடினமானது. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்தபின் மீட்கவேண்டும். 2016 ஆயுத விதிகள் ஒவ்வொரு உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண்ணைக் கட்டாயமாக்கின, புதிதாகக் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றையும் கேட்டன. உரிமதாரர் எழுபது வயதை எட்டினாலோ இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற அதே விதிகளில் வழி உண்டு. 2019 திருத்தம் உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஆட்சியர் அலுவலகத்தில் இந்தப் படிவங்களுடன் வரிசையில் நிற்பதை நினைத்துப் பார்த்தால், பலர் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதில் வியப்பில்லை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சான்றிதழும் கல்வி ஒதுக்கீடும் அதனால் கிடைக்கும். வேட்டை உரிமை அதில் இல்லை, அதை அவர்கள் கேட்கவும் இல்லை.

விவசாயியின் பக்கம் கதை வேறு திசையில் போகிறது. மக்காச்சோளப் பரப்பு பெருகிய பெரம்பலூரில் காட்டுப்பன்றித் தொல்லையும் பெருகியது. காப்புக்காடுகளிலிருந்து புள்ளிமான்கள் வயலுக்கு வந்து கிணற்றில் விழுவது கோடைதோறும் செய்தியாகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சட்டமே பெயர்சொல்லித் தந்த வாய்வழித் துப்பாக்கியால் இந்த விலங்குகள் எதையும் இன்று விவசாயி சுட முடியாது. வெற்று வெடி வைத்து விரட்டலாம், அவ்வளவே. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுட அனுமதித்தது. துப்பாக்கி பிடிப்பவர் வனத்துறைப் பணியாளர். மனு எழுதிக் காத்திருப்பவர் நிலக்காரர்.

பலூன் கடை

பொழுதுபோக்குச் சுடுதல் இந்த வட்டாரத்தில் ஒரே ஓர் இடத்தில் எல்லோருக்கும் கிடைத்தது. தேர்த் திருவிழாக்களில் பலகையில் பலூன்களை ஒட்டி, ஏர்கன் வைத்துச் சுடவிடும் கடைகள் அவை. குழலை மடித்து, ஈயக் குண்டு ஒன்றை வைத்து, நிமிர்த்திச் சுடவேண்டும். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு 2016 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. பார்வைக்குறியைக் கடைக்காரர் சற்று வளைத்து வைத்திருப்பார் என்பது எல்லாத் திருவிழாவிலும் சொல்லப்படும் குற்றச்சாட்டு. முதல் குண்டு எங்கே போகிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக் குறிவைப்பவர் ஜெயிப்பார். சிறுவாச்சூர், கல்லங்குறிச்சித் திருவிழாக்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெரியவர்களில் பலர் தம் வாழ்நாளில் தோளில் வைத்துப் பார்த்த ஒரே துப்பாக்கி இதுதான்.